சுடாத கேப்டன்

தோர்கில்ட் ராவ்ன் எங்கள் தீவில் வந்து இறங்கிய அன்று எனக்கு முதலில் தோன்றியது, இந்த மனுஷன் ஒழுங்காகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும் என்பதுதான். கடற்படை உடுப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. முகம் மட்டும், பிழிந்துவிட்டு உதறாமல் கொடியில் போட்ட துணி மாதிரி இருந்தது. படகிலிருந்து இறங்கும்போது கை கொடுத்த என் புருஷன் லாவ்ரிட்ஸிடம், "ரொம்ப நன்றி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. 1940 செப்டம்பர். ஜெர்மன்காரர்கள் டென்மார்க்குக்குள் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஹாவ்ஹோல்ம் ஒரு காலத்தில் கடற்படைக் கோட்டை. கோட்டைக்கு வேலை இல்லாமல் போய்த் தலைமுறைகள் ஆகியும், வீடு, சுவர், கிணறு, நாங்கள் மீன் காயப்போடும் பாறை எல்லாமே கடற்படைக்குத்தான் சொந்தம். அதனால் எங்களுக்கு ஊர்த்தலைவர் என்று யாரும் கிடையாது. கோபன்ஹேகனிலிருந்து வயதான ஓர் அதிகாரியை அனுப்புவார்கள், அவர்தான் கவர்னர். சண்டையைத் தீர்ப்பவர் அவர், அபராதம் போடுபவர் அவர், பாதிரியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் பிரசங்கம் வாசிப்பவரும் அவரே. நான் ராவ்னுக்கு முன்னால் இரண்டு கவர்னர்களுக்குச் சமைத்துப் போட்டவள். ஒருவர் குடித்தார். இன்னொருவர் கடல்வாத்துகளின் பின்னாலேயே சுற்றினார். இருவருமே வாயாடிகள். மூன்றாவதாக இப்படி ஓர் ஊமை வந்து வாய்த்தது என் தலையெழுத்து.

அவர் வருவதற்கு முன்பே அவர் கதை வந்து சேர்ந்துவிட்டது. தபால் படகு ஓட்டும் எஸ்பெர்ன், பெரிய தீவான போர்ன்ஹோல்மிலிருந்து மூட்டை முடிச்சோடு வம்பையும் ஏற்றிக்கொண்டுதான் வருவான். அன்று கடையில் நாங்கள் நாலைந்து பெண்கள் இருந்தோம். கடைக்காரி சிட்செல் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"முப்பது வருஷம் கப்பல்ல பீரங்கியோட சுத்தினவராம்ல? ஒரு தடவகூடச் சுட்டதில்லையாமே?"

"ஏப்ரல் மாசம் ஜெர்மன்காரன் கப்பல் அவரு மூக்குக்கு முன்னாடி போச்சாம் அக்கா" என்றான் எஸ்பெர்ன். "பார்த்துக்கிட்டே நின்னாராம்."

"நல்ல ஆளாப் பார்த்து அனுப்பியிருக்கானுங்க. நம்ம பீரங்கிய இந்த சுடாத கேப்டனா சுடப் போறாரு?"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

பீரங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு மேலே மேட்டில் பழைய இரும்புப் பீரங்கி ஒன்று இருக்கிறது. அது எதிரிக்கானது இல்லை, மூடுபனிக்கானது. எங்களைச் சுற்றிக் கடலெல்லாம் பாறை. பனி இறங்கிவிட்டால் சொந்த மூக்கே தெரியாது. அப்போது படகு ஏதாவது வெளியே இருந்தால் கவர்னர் மேட்டுக்குப் போய் ஒரு குண்டு வெடிப்பார். கவர்னர் மட்டும்தான் அதற்குத் தீ வைக்கலாம், வேறு யாரும் தொடக்கூடாது. வெடித்த அடுத்த நொடி தீவு முழுக்க வாயை மூடிக்கொள்ளும். சுத்தியல் நிற்கும். மீன் புகைபோடும் கொட்டகையின் கதவைச் சாத்தமாட்டார்கள். கோழிகள் மேல் சாக்கைப் போடுவார்கள். அழும் குழந்தையைத் தாய் சால்வையால் மூடி மார்போடு சேர்த்துக்கொள்வாள். ஏனென்றால் வெளியே இருக்கும் படகு, சத்தம் கேட்ட பக்கம் திரும்பி, மாட்டுக்கொம்பு ஊதிப் பதில் சொல்லும். அந்தச் சின்னச் சத்தத்தைப் பிடிக்கத்தான் அத்தனை பேரும் காதாக நிற்போம். முதலில் கேட்பவர் "கேட்டாச்சு!" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் மூச்சே விடுவோம். பதில் வராவிட்டால் இன்னொரு குண்டு.

ஜெர்மன்காரர்கள் எங்கள் பழைய கோபுரத்தில் ஏழெட்டுச் சிப்பாய்களைக் கண்காணிப்புக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் வந்ததும் முதல் உத்தரவு: விளக்கு கூடாது, கொம்பு கூடாது, பீரங்கி கூடாது. இருந்த வெடிமருந்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ராவ்ன் வந்த மூன்றாவது வாரமே பனி இறங்கியது. சிட்செலின் புருஷன் ஓலுஃப் வெளியே இருந்தான். பெண்கள் எல்லாரும் மேட்டில் கூடினோம். ராவ்ன் வந்தார். பீரங்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மதியம் முழுக்க அப்படியே நின்றார்.

"கேப்டன், வெடிங்க" என்றாள் சிட்செல்.

"உத்தரவு இருக்கும்மா. மருந்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மருந்து கோபுரத்துலதான இருக்கு! போய்க் கேளுங்க! சட்டையப் புடிச்சுக் கேளுங்க!"

அவர் போய்க் கேட்டார். அதை நான் மறைக்கமாட்டேன். முடியாது என்று சொன்னார்கள், திரும்பி வந்தார். வந்து மறுபடியும் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் வடக்குப் பாறையில் ஓலுஃபின் படகுப் பலகைகள் ஒதுங்கின. ஓலுஃப் ஒதுங்கவே இல்லை.

அன்றிலிருந்து அவரோடு யாரும் பேசவில்லை. நாடு முழுக்க அப்போது எங்கள் போர் அதுதான்: ஜெர்மன்காரனைக் கண்டால் முகத்தைத் திருப்புவது, வாயைப் பூட்டிக்கொள்வது, அவன் அங்கே இல்லவே இல்லை என்பது போல நடந்துகொள்வது. நாங்கள் அதைக் கவர்னருக்கும் சேர்த்துச் செய்தோம். கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு அறுந்துபோகும். சிட்செல் புகையிலையைக் கல்லாவில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அவர் "நன்றி" என்பார். கதவு சாத்தப்பட்டதும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எனக்கு அந்த வசதி இல்லை. சமையல்காரி எப்படிப் பேசாமல் இருப்பது? மீனா முட்டையா என்று கேட்டுத்தானே ஆகவேண்டும்? கேட்கத் தொடங்கினால் வாய் சும்மா இருக்குமா? அவர் மாலையில் சமையலறைக்கு வந்து அடுப்போரம் உட்காருவார். காபி என்ற பெயரில் ரை தானியத்தை வறுத்து நான் போட்டுக்கொடுக்கும் கருப்புத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடிப்பார். அவர் கதையை அவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மூன்று குளிர்காலம் ஆயிற்று.

ஸ்வென்போர்க்கில் ஒரு சரக்குக் கப்பல்காரரின் மகன். மீசை முளைக்கும் முன்பே கடற்படைப் பள்ளி. ஐஸ்லாந்துக் கடலில் எல்லை தாண்டி மீன் பிடிக்கும் ஆங்கிலேயப் படகுகளை விரட்டுவதில் பாதி வாலிபம் போயிற்று. கிரீன்லாந்துக் கரையை அளப்பதில் கொஞ்சம். அப்புறம் கோபன்ஹேகனில் மேசை வேலை. தாமதமாகக் கல்யாணம் செய்தார், மனைவி நெஞ்சு நோயில் சீக்கிரமே போய்விட்டாள். பிள்ளை இல்லை. கடைசியாக ஒரு கிழட்டுக் காவல் கப்பலை அவர் கையில் கொடுத்து, ஒரு நீரிணையின் வாயில் நிறுத்தினார்கள்.

"நான் நல்ல அதிகாரிதான் கார்னா" என்றார் ஒருநாள். "என் மேல ஒரு புகார் கிடையாது."

"புகார் எப்படி வரும்? நீங்கதான் வாயே திறக்கமாட்டீங்களே."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அசந்துபோய் நின்றுவிட்டது.

ஏப்ரல் விடியலில் ஜெர்மன் கப்பல்கள் வந்ததை அன்றுதான் சொன்னார். பீரங்கிகளில் குண்டு ஏற்றி ஆட்கள் தயாராக நின்றார்களாம். தொலைபேசியில் உத்தரவு வந்ததாம், சுடாதே என்று.

"கப்பல் தளம் முழுக்கச் சிப்பாய்ங்க. அதுல ஒருத்தன் என்னைப் பார்த்துக் கைய ஆட்டுனான். ரொட்டி தின்னுக்கிட்டே. பிக்னிக் போறவன் மாதிரி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? போயிட்டாங்க. காபி ஆறிடுச்சுன்னு பையன் வந்து சொன்னான், கீழ போனேன்." கோப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கயாவது தூரமா அனுப்பிடுங்கன்னு நானே கேட்டேன். யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்காத இடமா. பாரு, சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்காங்க. இங்க ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கறதே இல்ல."

எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. ஓலுஃபின் வீட்டு வாசலில் இன்னும் அவன் கம்பளிக் கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது.

1943 அக்டோபர். அந்த மாதம் யூதர்கள் இரவோடு இரவாகப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் கடலில் அசைவதையெல்லாம் சந்தேகப்பட்டார்கள். எங்கள் கோபுரத்தில் புதிதாக லெப்டினன்ட் வீடெமான் என்று ஒருவன் வந்திருந்தான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. எதையாவது செய்து பெரிய ஆளாக வேண்டும் என்ற பரபரப்பு அவனுக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காட் மீன் பிடிக்க நாலு படகு போயிருந்தது. பத்து மணிக்குப் பனி சுவர் மாதிரி இறங்கியது. மூன்று படகு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. லாவ்ரிட்ஸின் படகு மட்டும் வரவில்லை. அதில் அவனோடு இன்னும் இரண்டு பேர்.

பெண்கள் மேட்டில் கூடினார்கள். பழக்கத்தில் கூடினார்களே தவிர, யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. நான் மேட்டுக்குப் போகவில்லை. நேராகக் கவர்னர் வீட்டுக்குள் போனேன். அவர் ஜன்னலருகே நின்றிருந்தார். வெள்ளையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"கேப்டன், லாவ்ரிட்ஸ் இன்னும் வரல."

"தெரியும்."

"தெரிஞ்சா? தெரிஞ்சுக்கிட்டு நிக்கறீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க உத்தரவு, உங்க பொத்தான், உங்க மடிப்புக் கலையாத சட்டை! எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழுங்க! அந்த ஆளு செத்தா உங்களுக்கு இனிமே யாரு கஞ்சி ஊத்துறான்னு நானும் பார்க்கறேன்!"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் முடியும்வரை கேட்டார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"கார்னா, மாவு அலமாரியோட கீழ்த்தட்டுல ஒரு பீப்பா இருக்கு. இந்தா சாவி, எடுத்துட்டு வா. தனியாத் தூக்கிடாத, கனமா இருக்கும்."

அந்தப் பீப்பா எனக்குத் தெரியும். ஓலுஃப் செத்த கொஞ்ச நாளில் அந்தத் தட்டைக் காலி செய்து தரச் சொல்லி, பூட்டுப் போட்டு வைத்தார். பிராந்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு மிடறு தராத கஞ்சன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். சில இரவுகளில் நான் வேலை முடித்துக் கிளம்பும்போது, அவர் வந்து அதை மெதுவாக உருட்டிவிட்டுப் போகும் சத்தம் கேட்கும். தனியாகக் குடிக்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

"இது என்ன?"

"வெடிமருந்து. கெட்டிப்படாம இருக்க அப்பப்ப உருட்டணும்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "அடப்பாவி மனுஷா! என் அடுப்புக்குப் பக்கத்துலயா? மூணு வருஷமாவா?"

"ஈரம் படக்கூடாதே" என்றார். "வீட்டுலயே காஞ்ச இடம் அதுதான்."

எங்கே வாங்கினார், எப்படிக் கொண்டுவந்தார், இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு மேடேறினோம். பெண்கள் வழி விட்டார்கள். அவர் முழங்காலிட்டு மருந்தை இட்டார். முதல் தடவை திரி பிடிக்கவில்லை. "சுடாத கேப்டன்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். இரண்டாவது தடவை தீ வைத்தார்.

மூன்று வருஷம் அடைத்துவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெடித்தது. என் பற்கள் அதிர்ந்தன. உடனே தீவு அடங்கியது. யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. சுத்தியல்கள் நின்றன. கோழிகளின் மேல் சாக்கு விழுந்தது.

அந்த அமைதிக்குள் வீடெமான் கத்திக்கொண்டே மேலே ஓடிவந்தான். கையில் துப்பாக்கி. "யாருக்குச் சமிக்ஞை? ஸ்வீடனுக்கா? யார் உத்தரவு?" என்று உடைந்த டேனிஷில் அலறினான். சிட்செல் அவன் முன்னால் போனாள். மீன் நாற்றம் அடிக்கும் தன் உள்ளங்கையை அப்படியே அவன் வாயில் வைத்து மூடினாள். அவன் கண் பிதுங்கியது. எங்களையெல்லாம் பார்த்தான். நாற்பது ஐம்பது பேர், ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். அவனும் கடலோர ஊர்ப் பையன்தானோ என்னவோ, அவளை உதறவில்லை. அப்படியே நின்றான்.

ஒன்றும் கேட்கவில்லை. ராவ்ன் மறுபடி மருந்தை இட்டார். இரண்டாவது குண்டு. மறுபடி அமைதி. என் நெஞ்சு அடிக்கும் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று பயந்தேன்.

"கேட்டாச்சு" என்றாள் சிட்செல். லெப்டினன்டின் வாயில் கையை வைத்தபடியே சொன்னாள்.

பிறகுதான் எனக்கும் கேட்டது. தெற்கில், மிகத் தூரத்தில், லாவ்ரிட்ஸின் கொம்பு. அவன் எப்போதும் கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பான்.

படகு கரை சேரும்வரை ராவ்ன் வெடித்துக்கொண்டே இருந்தார். வீடெமான் தடுக்கவில்லை, அந்தக் கணக்கில் அவனுக்கு ஒன்று வரவு வைக்கலாம். படகு கட்டப்பட்டதும் ராவ்னைக் கைது செய்தான். அவர் ஒரு வாதமும் செய்யவில்லை. "பீப்பாய மூடி வச்சிடு கார்னா, மிச்சம் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை எஸ்பெர்னின் தபால் படகில் இரண்டு சிப்பாய்களோடு அவரைக் கொண்டுபோனார்கள். தீவு முழுக்கத் துறைமுகத்தில் நின்றது. படுக்கையில் கிடந்த கிழவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்திருந்தோம். லாவ்ரிட்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் நின்றான். கேப்டன் படகில் ஏறினார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படி நிற்க வேண்டும் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பீரங்கி வெடித்துவிட்டது, ஒரு படகு வெளியே போகிறது, அது திரும்பி வர வேண்டும். அப்போது எங்களுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். எங்களிடம் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கடைசிவரை நின்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டே போனார், ஒருமுறைகூட நிமிரவில்லை.

மாலையில் எஸ்பெர்ன் திரும்பி வந்து என் சமையலறையில் உட்கார்ந்தான். முகமே சரியில்லை.

"அக்கா, அவரு படகுல என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. 'இத்தன பேரு வந்தாங்களே, ஒருத்தருக்குக்கூட ஒரு வார்த்த சொல்ல மனசு வரலையா எஸ்பெர்ன்? மூணு வருஷம் பத்தலையா?'ன்னாரு."

என் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. "நீ என்ன சொன்ன?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சிப்பாய் துப்பாக்கிக் கட்டைய நெஞ்சுல வச்சு அமுத்திட்டான். அப்புறம் கரையில தள்ளிட்டுப் போயிட்டானுங்க."

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா? அடி வாங்கியிருந்தா என்ன, செத்தா போயிருப்ப?"

எஸ்பெர்ன் அழுதுவிட்டான். அவனைத் திட்டி என்ன பயன்? அவர் வெளியூர்க்காரர், எங்கள் அமைதிக்கு அர்த்தம் அவருக்கு எப்படித் தெரியும்? வாயை மூடினால் வெறுப்பு என்றுதானே மூன்று வருஷமாக நாங்களே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

இந்தச் செய்தி தீவு முழுக்கப் பரவியபோது யாருக்கும் சோறு இறங்கவில்லை. சிட்செல் மூன்று நாள் கடை திறக்கவில்லை. தெற்கே ஏதோ முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். செத்துவிட்டார் என்றுகூட ஒருமுறை வந்தது. எனக்கு ஒரே கவலை: இந்த மனுஷன் அந்த நினைப்போடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே. சாவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் நாங்கள் வெறுத்து அனுப்பினோம் என்று எண்ணிக்கொண்டே சாவதா? யாரிடம் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் நாங்கள் களைத்துப்போனோம்.

போர் முடிந்தது. அதிலும் எங்கள் பக்கத்துக்கு நல்ல முடிவு வாய்க்கவில்லை. மற்ற ஊர்களெல்லாம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது போர்ன்ஹோல்மில் ரஷ்யக் குண்டுகள் விழுந்தன, பிறகு ரஷ்யர்களே ஒரு வருஷம் போல அங்கே இருந்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரு புதுக் கவர்னர் வந்தார். ஹெனிங் தாம் என்று பெயர், மேசை வேலைக்காரர், காலில் செருப்பு நனையாமல் நடக்கப் பார்ப்பார்.

1946 கோடையில் எஸ்பெர்ன் செய்தி கொண்டுவந்தான். ராவ்ன் உயிரோடு இருக்கிறாராம். விட்டுப்போன பெட்டியையும் மனைவியின் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ள வியாழக்கிழமை வருகிறாராம். எடுத்துக்கொண்டு அதே படகில் திரும்பிவிடுவாராம்.

"நீ விஷயத்தைச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"நான் எங்க பார்த்தேன்? துறைமுக அலுவலகத்துல சொன்னாங்க. சொல்லணும்னா நீங்க சொல்லுங்க அக்கா. என்னால அந்த முகத்தப் பார்த்து விளக்கமெல்லாம் சொல்ல முடியாது."

கடையில் கூடினோம். கொடி கட்டலாம் என்றார்கள். பாட்டுப் பாடலாம் என்றார்கள். எல்லாரும் சேர்ந்து வாழ்த்துக் கத்தலாம் என்றான் லாவ்ரிட்ஸ், எங்கள் ஆட்கள் சேர்ந்து கத்தி அவன் எப்போது பார்த்தானோ! சிட்செல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பீரங்கி" என்றாள்.

தாமிடம் போனோம். அவர் ஜன்னலைக் காட்டினார். "வெயில் அடிக்குதும்மா. பனி இல்லாம வெடிக்க விதியில இடமில்ல. மருந்தும் இல்ல."

"ஜெர்மன்காரன் கண்ல படாம மறைச்சு வச்ச மிச்ச மருந்து என் மாவு அலமாரியில இருக்கு" என்றேன். "விதியப் பத்தி எங்ககிட்டப் பேசாதீங்க ஐயா. அத ரொம்பக் கேட்டுட்டோம்."

சிட்செல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் தொப்பியைத் தேடி எடுத்தார்.

வியாழக்கிழமை கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. தபால் படகு வெகுதூரத்திலேயே தெரிந்தது. தாம் தீ வைத்தார். வெடித்தது. தீவு அடங்கியது. கோழிகளுக்குச் சாக்கு, குழந்தைகளுக்குத் துணி, எல்லாம் முறைப்படி. நல்ல வெயிலில், கண்ணுக்குத் தெரியும் படகுக்காக நாங்கள் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றோம்.

பதில் வரவில்லை. படகு வந்துகொண்டே இருந்தது, கொம்பு ஊதவில்லை. இதையும் அந்த மனுஷன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாரோ? பைத்தியக்காரத்தனம் பண்ணிவிட்டோமோ?

படகில் என்ன நடந்தது என்று எஸ்பெர்ன் பிறகு சொன்னான். ராவ்ன் கிழடாகியிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். வெடி கேட்டதும் பதறி எழுந்து, நெற்றியில் கையை வைத்து நாலு பக்கமும் கடலைத் தேடினாராம்.

"யாரு வெளிய இருக்கா? யார் படகு இன்னும் வரல?"

எஸ்பெர்ன் கொம்பை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"உங்க படகுதான் கேப்டன்."

அவர் கொம்பைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். "அன்னிக்கும்...?" என்றார்.

"ஆமா. அன்னிக்கும் அதுதான்."

மேட்டில் தாம் இரண்டாவது குண்டை வெடித்தார். நாங்கள் நின்றோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் மேலாக ஒரு சத்தம் வந்தது. மோசமான சத்தம், நோஞ்சான் கன்றுக்குட்டி கத்துவது மாதிரி, ஆரம்பித்து, உடைந்து, மறுபடி ஆரம்பித்தது. முப்பது வருஷம் கடலில் இருந்தவருக்குக் கொம்பு ஊதத் தெரியவில்லை.

எல்லோரும் சிட்செலைப் பார்த்தோம். அவள் சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டாச்சு" என்றாள்.

நான் காபி போட வீட்டுக்கு ஓடினேன். போருக்குப் பிறகு கிடைத்த முதல் உண்மையான காபிக்கொட்டை, அவருக்காகவே எடுத்துவைத்திருந்தேன்.